பெரியம்மா செய்யாத மாலைகள்

ஜூன் 3

பெரியம்மாவின் படம் பத்திரிகையில் வந்திருக்கிறது. கழுத்தில் அம்மா செய்த மாலை. கீழே, ‘பருத்தி நூலில் செம்புக் கம்பி சுற்றித் தன் கையாலேயே நகை செய்பவர்’ என்று போட்டிருக்கிறார்கள். எந்தக் கையால்? அந்தக் கை ஊசியில் நூல் கோத்துக்கூட நான் பார்த்ததில்லை.

“படம் நல்லா வந்திருக்குக்கா” என்கிறாள் அம்மா. நான் அந்தப் பக்கத்தை மடித்து வைக்கிறேன்.

ஜூன் 5

நீ செய்ததென்று ஏன் சொல்லக்கூடாது என்று அம்மாவிடம் கேட்டேவிட்டேன். “அவ வீட்டுல இருக்கோம். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு.”

அப்பா போனபிறகு இந்த அறையைக் கொடுத்தது பெரியம்மாதான். அதற்காக? போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். வெளியே அவள் செருப்புச் சத்தம். வெளிச்சத்தை விரலால் மூடிக்கொள்கிறேன்.

ஜூன் 9

நாளை கைவினைக் கண்காட்சியில் பெரியம்மா கடை போடுகிறாள். “நீயும் வா. பின்னால உக்காந்து பெட்டி பிரிச்சுக் குடு. யாராவது கேட்டா உதவிக்கு வந்தவன்னு சொல்லு” என்று அம்மாவுக்குப் பெரியம்மாவின் உத்தரவு. எனக்குத் தனியாக: “ஏய் வாலு, வாயைத் திறந்தே, ஆத்தாளும் மகளும் மூட்டையைக் கட்டிக்க வேண்டியதுதான்.”

ஜூன் 10

கண்ணாடி போட்ட ஒரு பெண் கேட்டாள், “எப்படிங்க சுத்துறீங்க? கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்.”

பெரியம்மா சிரித்துக்கொண்டே, அம்மா பாதி முறுக்கி வைத்திருந்த மாலையை எடுத்தாள். அம்மா இடக்கைக்காரி. நூலையும் கம்பியையும் இடப்பக்கமாகவே முறுக்குவாள், அதில்தான் இறுக்கம். பெரியம்மா வலப்பக்கமாகச் சுற்றினாள். சுற்றச் சுற்ற நூல் பிரிந்து பஞ்சாய் உப்பியது, கம்பி நழுவித் தொங்கியது. கூட்டம் கூடிவிட்டது. பெரியம்மா முகத்தில் ஈயாடவில்லை.

“ஏய், நீ வந்து காட்டேன்டி!”

அம்மா பெட்டியை மடித்துக்கொண்டே சொன்னாள், “நான் உதவிக்கு வந்தவதானேக்கா. எனக்கென்ன தெரியும்?”

என் அம்மாவா பேசியது? கைதட்டலாம் போலிருந்தது.

ஜூன் 11

மூட்டை கட்டச் சொல்லிவிட்டாள். தங்கையைத் தெருவில் விடுகிறோமே என்று கொஞ்சமாவது — இல்லை. சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவவிடவில்லை.

ஜூன் 13

தையற்கடைக்கு மேலே ஒற்றை அறை. தையல் மெஷின் ஓடினால் தரை அதிர்கிறது. அம்மா அழவில்லை. “நீ படி” என்கிறாள், எப்போதும்போல. எப்படிப் படிப்பது? பெரியம்மாவைக் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஜூலை 20

பெரியம்மா வந்தாள். மாடி ஏறியதில் மூச்சு வாங்க, “கடைக்காரங்க உயிரை வாங்குறாங்கடி. பழைய மாதிரியே செஞ்சு குடு” என்றாள்.

அம்மா கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “யார் செஞ்சதுன்னு சொல்லி விப்பே?”

“அக்கா தங்கச்சிக்குள்ள இதெல்லாம் ஒரு பேச்சாடி?”

“சொல்லுக்கா.”

பெரியம்மா தண்ணீர் கேட்டாள். கொண்டுபோய் டம்ளரை அவள் முன்னால் ணங்கென்று வைத்தேன். தண்ணீர் தரையெல்லாம் சிந்தியது. யாரும் என்னைத் திட்டவில்லை.