தலைவியின் கையெழுத்து

அன்பு மகளுக்கு, இந்தத் தெருவின் வக்கீலம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்கு இருமல் விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷன் இப்போது எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நீ நினைப்பாய். சொல்கிறேன். எனக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்லித்தான் பழக்கம் என்று உனக்குத் தெரியும்.

கடையில் இரண்டு ஜெராக்ஸ் மெஷினில் ஒன்று படுத்துவிட்டது. மற்றது, நீ 'கிழவர்' என்று பெயர் வைத்ததே, அதுதான் பாவம் முக்கி முனகிக்கொண்டு ஓடுகிறது. நீ கிளம்பிய வாரம் பேப்பரில் வந்த உன் படத்தை இதில்தான் பெரிதாக்கி எடுத்தேன். பத்து நாடுகளிலிருந்து முப்பது பேர், ஊருக்கு உழைக்கிற இளைஞர்கள், வெளிநாட்டில் ஆறு மாதப் பயிற்சி, அதில் நம் தெருப் பெண் ஒருத்தி. தலைகால் புரியவில்லை எனக்கு. நூறு பிரதி போட்டு, பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை, பள்ளிக்கூடச் சுவர் என்று ஒரு இடம் விடாமல் ஒட்டினேன். நகராட்சி அலுவலகத்துக்கும் போய், அங்கிருந்த குமாஸ்தாவிடம் கெஞ்சி, அறிவிப்புப் பலகையில் நானே குத்திவிட்டு வந்தேன். அம்மா அப்போதே தலையில் அடித்துக்கொண்டாள்.

குழந்தைகள் அறை எப்படி நடக்கிறது என்று நீ வாராவாரம் கேட்கிறாய். நன்றாக நடக்கிறது என்று நானும் வாராவாரம் சொல்கிறேன். ஐந்து வாரமாக அது பொய், கண்ணு.

ஒரு திங்கட்கிழமை காலை, தாய்மார்கள் ஆறு மணி ஷிப்டுக்குப் போகும் முன் பிள்ளைகளை விட வந்தபோது, அறைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அந்தக் கட்டடம் நகராட்சியின் பழைய கிடங்குதானே, அதை வண்டி நிறுத்த எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். ஆட்சேபனை இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் அறையை நடத்தும் நம் தெருக் குழுவின் தலைவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தலைவர் என்றால் நீ. தையல்காரம்மா இரண்டு பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள். இருபத்தாறு பிள்ளைகள். அறை போனால் அத்தனை தாய்மாரும் வேலையை விட வேண்டியதுதான்.

நீ கிளம்பும் முன் நடந்த கடைசிக் கூட்டம் நினைவிருக்கிறதா? "நான் இல்லாத நேரத்துல கையெழுத்துப் போட இன்னொருத்தரைப் பதிவு பண்ணிட்டுப் போறேன், யாராவது முன்னாடி வாங்க" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் இடத்தில் பெயர் கொடுத்தால் உன்னை அனுப்பிவிட்டு நாற்காலியைப் பிடித்ததாக ஆகிவிடும் என்று ஒவ்வொருவருக்கும் கூச்சம். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். "ஆறு மாசம்தானேம்மா, கட்டடம் எங்கயும் ஓடிப் போயிடாது" என்று சொன்னேன். உன் மேல் மரியாதை என்று நினைத்துக்கொண்டு உன் பேச்சைக் கேட்காமல் விட்டோம்.

அந்த நோட்டீஸ் வந்த அன்றே உனக்குச் சொல்லியிருந்தால், அங்கிருந்தே உன் கைப்பட ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருப்பாய். அதோடு முடிந்திருக்கும். ஆனால் நீ போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. கேட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவாயோ என்று பயந்தேன். இரண்டு வருடம் விண்ணப்பித்துக் கிடைக்காமல் மூன்றாவது வருடம் கிடைத்த இடம் அது. அந்த இரண்டு வருடமும் நீ வெளியே சிரித்துக்கொண்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது எனக்குத் தெரியும்.

அதனால் நானே ஒரு வழி செய்தேன். கடையில் உன் பழைய மனுக்களின் பிரதி எல்லாம் கட்டுக்கட்டாக இருக்கிறதே. தெருக் குழாய்க்காக நீ எழுதிய மனுவிலிருந்து உன் கையெழுத்தை வெட்டி, ஆட்சேபனைக் கடிதத்தின் அடியில் வைத்து, நல்ல தாளில் பிரதி எடுத்து, அந்தக் கையெழுத்தின் மேலேயே நீல மையால் மெல்ல எழுதினேன். முப்பது வருடம் பிரதி எடுத்தவனுக்கு இது ஒரு வேலையா என்று எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

குமாஸ்தா தாளைப் பார்த்தார். பலகையில் இருந்த உன் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவங்க வெளிநாடு போயிருக்காங்கன்னு நீங்கதானே சார் ஒட்டிட்டுப் போனீங்க? அப்புறம் நேத்து தேதி போட்டு எப்படிக் கையெழுத்து வந்துச்சு?" என்று கேட்டார். அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தேன்.

உள்ளே இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. போலீசுக்குப் போகலாம், வயதைப் பார்த்து விடுகிறேன் என்றார். ஆனால், "இனிமே உங்க தெருவுலேர்ந்து வர்ற எந்தக் காகிதத்தையும் என்னால நம்ப முடியாது. விசாரணை அன்னிக்குத் தலைவியே நேர்ல வந்து நிக்கணும், வரலன்னா ஆட்சேபனை இல்லைன்னு முடிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு காகிதத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியத்தை நீ நேரில் வந்தால்தான் ஆகும் என்ற நிலைக்குக் கொண்டு வந்தது நான்தான். விசாரணை வருகிற வியாழக்கிழமை. இன்று செவ்வாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது கடை நிறையத் தெருவே நின்றுகொண்டிருந்தது. விசாரணைக்குத் தலைவியே வர வேண்டுமாம் என்று மட்டும் நான் சொல்லியிருந்ததால், உன்னிடம் சொல்லி வரவழைக்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். சத்தமாக இருக்கிறது என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். நான் வாயைத் திறக்கும் முன் நீ ஆரம்பித்துவிட்டாய். அத்தனை நாட்டுப் பிள்ளைகளுக்கும் முன்னால் நம் அறையைப் பற்றிப் பேசினாயாம், உன் வழிகாட்டி அம்மா எழுந்து வந்து கட்டிக்கொண்டார்களாம், வருகிற சனிக்கிழமை பெரிய சபையில் அதையே பேச உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். "அப்பா, நான் பேசறதை எல்லாரும் குறிப்பெடுத்துக்கறாங்கப்பா" என்று நீ சொன்னபோது உன் குரல் ஆறு வயதுக் குரலாக இருந்தது. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். உள்ளே வந்து, "சொல்லிட்டேன், வந்துடறேன்னுட்டா" என்று அத்தனை பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னேன்.

தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து ஒருவர் விடாமல் கேட்கிறார்கள், விமானம் எத்தனை மணிக்கு என்று.

நேற்று மனசு பொறுக்காமல், அவசரத்துக்கு என்று நீ எழுதிக் கொடுத்த உன் பயிற்சி அலுவலக எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். என் அரைகுறை இங்கிலீஷை எவ்வளவு பொறுமையாகக் கேட்டாள் தெரியுமா? வீட்டில் அவசரம் என்றால் அன்றைக்கே விமானம் ஏற்றி அனுப்புவோம், துணைக்கு ஆளும் வரும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றாள். திரும்பி வர முடியுமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கி, பாதியில் போனவர்களுக்கு இடம் வைத்திருக்க விதி இல்லை, மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது, மன்னியுங்கள் என்றாள். அவள் எரிந்து விழுந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவ்வளவு நல்லவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? நான் விசாரித்ததாக உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "உங்க பொண்ணு இத்தனை வருஷமா எதுக்குச் சண்டை போட்டா? எங்களைக் கேக்காம எங்களுக்காக முடிவெடுக்காதீங்கன்னுதானே? அந்த நகராட்சி ஆபீஸ்காரங்க செஞ்சதையே நீங்களும் அவளுக்குச் செய்யறீங்க" என்று சொன்னாள். ஆனால் உன்னைக் கூப்பிட அவளும் போனை எடுக்கவில்லை. மூன்று தடவை அதன் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பியதைப் பார்த்தேன்.

இப்போது கூப்பிட்டால்கூட நாளை இரவுக்குள் நீ இங்கே வந்துவிடலாம். காலையிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் இருபத்தாறு பிள்ளைகள், ஒரு பக்கம் நீ. பெற்றவன் நான், என் தராசு நேராக நிற்காது. கை எண்ணுக்குப் போகிறது, கடைசி இரண்டு இலக்கத்தில் நின்றுவிடுகிறது.

இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேரப் பன்னிரண்டு நாளாவது ஆகும் என்று தபால்காரர் சொன்னார். தெரிந்துதான் தபாலில் போடப் போகிறேன். வியாழக்கிழமையும் முடிந்திருக்கும், உன் சனிக்கிழமையும் முடிந்திருக்கும். நீ இதை அங்கே உட்கார்ந்து படிக்கிறாய் என்றால், உன் அப்பா கடைசிவரை கூப்பிடவில்லை என்று அர்த்தம். இல்லாத அறையைப் பற்றி அத்தனை பேர் முன்னால் உன்னைப் பேச வைத்தவன் நான் என்று அர்த்தம்.

கண்ணு, நன்றாகப் படி. நன்றாகப் பேசு. உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது. தெரு என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், நீ என்ன சொன்னாலும் அதையும் கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் இங்கே வந்து என் முகத்தைப் பார்த்துத் திட்டு. என் மேல் உள்ள கோபத்தில் வீட்டுக்கு வராமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்னைக் கேட்காமல் உனக்காக முடிவெடுத்த,
அப்பா