ஒரே அளவில் நாற்பது கொடி

1916 பிப்ரவரி 14, திங்கள்

காலையிலிருந்து தையல் மிஷின் சண்டித்தனம். இரண்டு அங்குலம் ஓடினால் நூல் அறுந்துபோகிறது. மத்தியானம் லூடர்ஸ் வந்து திறந்து பார்த்தார். உள்ளே ஒரு சின்ன எஃகுத் துண்டு தேய்ந்திருக்கிறதாம். கப்பலுக்கு எடுத்துப்போய் அதே மாதிரி ஒன்றை அராவிக்கொண்டு வந்து போட்டார். இப்போது தண்ணீர் மாதிரி ஓடுகிறது.

அவர் ஜெர்மன் கப்பலில் இஞ்சினியர். சண்டை ஆரம்பித்த நாளிலிருந்து, ஒன்றரை வருடமாக, அந்தக் கப்பல்களெல்லாம் லிஸ்பனைவிட்டு நகரவில்லை. கடலுக்குப் போனால் இங்கிலீஷ்காரன் பிடித்துக்கொள்வான். அவருடைய கப்பல் ஹில்ட்பர்க் எங்கள் தையல் பட்டறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஆற்றில் நிற்கிறது. காபி கொடுத்தேன்.

"உங்க நாடு எந்தப் பக்கம்னுதான் எனக்கு இன்னும் புரியல" என்றார்.

முதலாளி விலாசா, "எங்களுக்கே புரியல" என்றார். "சண்டையில இருக்கீங்களான்னா இல்ல. நடுநிலையான்னா அதுவும் இல்ல. இங்கிலீஷ்காரனுக்கு பழைய சிநேகிதம், உனக்கு காபி. இப்படியே ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

என் தம்பி செஃபெரினோவுக்கு இதெல்லாம் வெறுப்பு. பத்தொன்பது வயது, கூட்டத்துக்குக் கூட்டம் போய்ச் சண்டை வேண்டுமென்று கத்திவிட்டு வருகிறான். எனக்கு லூடர்ஸைப் பிடிக்கும். இதில் எழுதலாம், யார் படிக்கப்போகிறார்கள்.

1916 பிப்ரவரி 16

கடற்படையிலிருந்து ஒருவர் வந்தார். நம் நாட்டுக் கொடி நாற்பது. எல்லாம் ஒரே அளவு, பெரிய கப்பலுக்கான அளவு. செவ்வாய்க்குள் வேண்டும். வெளியே மூச்சு விடக்கூடாது.

நாற்பதா?

1916 பிப்ரவரி 19

பச்சையும் சிவப்பும் சுலபம். நடுவில் வரும் அந்த உருண்டையும் ஏழு கோட்டைகளும்தான் உயிரை வாங்குகின்றன. தைத்து முடித்ததை மடிக்க செஃபெரினோ வந்தான். தரையில் படாமல் மடிக்க இரண்டு பேர் வேண்டும்.

"எதுக்கு அக்கா இத்தனை?"

"தெரியாதுடா."

தெரியும். நம் நாட்டில் இவ்வளவு பெரிய கப்பல் நாற்பது கிடையாது. ஜன்னல் வழியாக ஜெர்மன் கப்பல்களை எண்ணிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தவரை முப்பத்துச் சொச்சம்.

1916 பிப்ரவரி 20, ஞாயிறு

கோயில் வாசலில் லூடர்ஸ் நின்றிருந்தார். நான் பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை.

"செவ்வாய்க்கிழமைக்குள்ள கப்பல்லேர்ந்து உங்க துணிமணியை எடுத்துடுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு நடந்தார்.

கட்டிய துணியோடு அவரைத் தெருவில் விடப் போகிறார்களே என்றுதான் சொன்னேன். இது தப்பா?

1916 பிப்ரவரி 23, புதன்

மத்தியானம் படகுபடகாக மாலுமிகள் போய் எல்லாக் கப்பலிலும் ஏறினார்கள். என் கொடிகள் ஒவ்வொன்றாக ஏறின. கரையில் ஒரே கைதட்டல். செஃபெரினோ தொண்டை கட்டும்வரை கத்தினான்.

1916 பிப்ரவரி 25

பாதிக் கப்பல்களில் ஜெர்மன்காரர்கள் இயந்திரங்களை உடைத்து வைத்திருக்கிறார்களாம். மோசமாக உடைந்திருப்பது ஹில்ட்பர்க்.

அவர் துணிமணியை எடுக்கவில்லை. வேறு வேலை பார்த்திருக்கிறார்.

1916 மார்ச் 10

ஜெர்மனி நம் மேல் போர் அறிவித்துவிட்டது.

1916 மே 2

ஜெர்மன்காரர்களை அசோர் தீவுக்கு அனுப்புகிறார்கள், அங்கே கோட்டையில் அடைக்க. லூடர்ஸும் போகிறார். வழியனுப்பப் போகவில்லை. மிஷினுக்குள் அவர் போட்ட துண்டு ஒருநாளும் மக்கர் செய்வதில்லை. அதைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தால் என்ன? எறிந்துவிட்டு எதை வைத்துத் தைப்பேன்?

1917 ஜனவரி 11

கப்பல் பழுது பார்க்கும் தளத்திலிருந்து பல்தசார் தார்ப்பாய் கேட்டு வந்தார். ஹில்ட்பர்க்கில்தான் அவருக்கு வேலை. அதற்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் எல்லோர் வாயிலும் பழைய பெயர்தான்.

"மத்த கப்பல்ல அவசரமா சுத்தியலால நாலு போடு போட்டிருக்கான். அதையெல்லாம் ஒட்டவச்சு ஓட விட்டாச்சு" என்றார். "இது அப்படி இல்லம்மா. நிதானமா ஒவ்வொண்ணா கழட்டி, முக்கியமானதை ஆத்துல போட்டு, மிச்சத்தை அறுத்து வச்சிருக்கான். ரெண்டு நாள் கையில இருந்தவன் வேலை. எவனோ முன்கூட்டியே சொல்லியிருக்கான். அவன் நாசமாப் போக."

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

1917 பிப்ரவரி 21

செஃபெரினோ பட்டாளத்தோடு பிரான்சுக்குக் கப்பலேறினான். அதுவும் இங்கிலீஷ் கப்பல். நம்மிடம் போதுமான கப்பல் இல்லையாம். அவன் பையில் காய்ந்த அத்திப்பழமும் இரண்டு ஜோடிக் காலுறையும் வைத்தேன்.

"மூஞ்சியை இப்படி வச்சிருந்தா ஜெர்மன்காரன் பயந்துடுவான். நீயே வாயேன் எனக்குப் பதிலா" என்றான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வரிசையில் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

1917 மே 22

ஊரில் பட்டினி தாங்காமல் கடைகளைச் சூறையாடுகிறார்கள். உருளைக்கிழங்குக்காகத் துப்பாக்கிச் சூடு.

1917 நவம்பர் 18

தம்பியிடமிருந்து கடிதம். தணிக்கைக்காரர் இரண்டு வரியில் மை பூசியிருக்கிறார். மீதியை அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்:

"அக்கா, சேறு இடுப்புவரைக்கும். ஆபீசருங்க லீவுல ஊருக்குப் போறாங்க, போனவங்க திரும்பி வர்றதில்ல. எங்களுக்கு லீவு கேட்டா கப்பல் இல்லன்னு சொல்றாங்க. மாத்து ஆளும் அதனாலதான் வரலையாம். உன் ஜன்னலுக்கு எதிர்ல ஒண்ணு சும்மா நிக்குதே, அதைக் கொஞ்சம் வரச் சொல்லேன்."

விளையாட்டாக எழுதியிருக்கிறான். எட்டு மணிநேரம் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தும் அது என் மனதைவிட்டுப் போகவில்லை. ஒரு கப்பலால் என்ன ஆகிவிடும்? ஒரு கப்பலில் ஆயிரம் பேர் வரலாமே. அந்த ஆயிரத்தில் அவன் ஒருவன் இருக்க மாட்டானா?

1918 ஏப்ரல் 14

செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் தேதி, பிரான்சில் பிளாண்டர்ஸ் பக்கம் நம் படை நொறுங்கிவிட்டதாம். பேப்பரில் 'வீரத்துடன் போராடினார்கள்' என்று போட்டிருக்கிறது. எத்தனை பேர் என்று போடவில்லை.

1918 ஏப்ரல் 30

தம்பி பெயர் பட்டியலில் இல்லை. செத்தவர் பட்டியலிலும் இல்லை, காயம்பட்டவர் பட்டியலிலும் இல்லை.

1918 மே 19

இல்லை.

1918 ஜூலை 8

ஜெர்மனியிலிருந்து அட்டை! கைதியாக இருக்கிறான். "உயிரோட இருக்கேன். இடது கையில ரெண்டு விரல் இல்ல. ரொட்டி அனுப்பு."

முதலாளி தன் வீட்டு ரொட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அழுதுகொண்டே பொட்டலம் கட்டினேன்.

1918 நவம்பர் 12

சண்டை முடிந்தது. ஊரே கொடி கேட்கிறது. துணி இல்லை.

1919 பிப்ரவரி 3

அவனைக் கொண்டுவந்தது எது தெரியுமா? ஹில்ட்பர்க். இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பழுது பார்த்து, போன கோடையில்தான் ஓடத் தொடங்கியது. கைதிகளை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் வந்தது, உச்சியில் என் தையல்.

எலும்பும் தோலுமாக இறங்கினான். முட்டைக்கோஸ் சூப் கொடுத்தேன். மூன்று தட்டு குடித்துவிட்டு, மூன்றையும் வாந்தியெடுத்தான்.

1919 ஜூன் 29, ஞாயிறு

நேற்று சமாதானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மத்தி மீன் சுட்டேன், அவன் நாலு தின்றான். முகம் தெளிவாக இருந்தது. இதைவிட நல்ல நாள் வராது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கொடி, கோயில் வாசல், துணிமணி, பல்தசார் சொன்ன ரெண்டு நாள்.

மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி ஒதுக்கி வைத்தான். பிறகு கேட்டான், "எனக்குக் கடிதம் எழுதினப்பல்லாம் இது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

1919 ஜூலை 20

அக்கரையில், பரெய்ரோவில், ரயில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறானாம். பல்தசார் பார்த்தாராம். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம்.

1919 செப்டம்பர் 7

தீவிலிருந்த ஜெர்மன்காரர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். லூடர்ஸிடமிருந்து ஒரு வரி இல்லை. வந்தாலும் பிரிப்பேனா? தெரியவில்லை.

அக்கரையிலிருந்து ஒவ்வொரு படகு வரும்போதும் தம்பிதானோ என்று எட்டிப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

1919 அக்டோபர் 4, சனி

சமாதானத்தில் நமக்குக் கிடைத்தது இன்னதென்று முடிவாகிவிட்டது. ஆப்பிரிக்காவில் கியோங்கா என்ற இடம். முன்பு நம்மிடமிருந்து ஜெர்மன்காரன் எடுத்துக்கொண்டதாம், திரும்பி வருகிறது. முதலாளி தேசப்படத்தை விரித்தார். விரலை வைத்தால் ஊர் மறைந்துவிடுகிறது. அங்கே ஏற்ற ஒரு கொடி வேண்டுமாம். ஒன்றே ஒன்று.

கடைசிக் கோட்டையைத் தைத்துக்கொண்டிருந்தபோது செஃபெரினோ உள்ளே வந்தான். துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தான். முதலாளி பெரிய மனுஷர், காபி வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"இதுக்குத்தானா?" என்றான் தேசப்படத்தைப் பார்த்து.

"இதுக்குத்தான்."

மிஷினை நிறுத்தினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அந்த ஒன்பதாம் தேதி எங்களை மாத்துறதா இருந்துச்சு, அக்கா. மூட்டைகூட கட்டி வச்சிட்டோம். விடியக்காலையில குண்டு விழ ஆரம்பிச்சுது. எதிர் பக்கம் எவனுக்காவது முன்னாடியே தெரிஞ்சிருக்குமில்ல? ஞாயித்துக்கிழமை ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'செவ்வாய்க்குள்ள உன் துணிமணியை எடுத்துக்கிட்டு போயிடு'ன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?"

"போறதுக்கு முன்னாடி நானும் எதையாவது உடைச்சிட்டுத்தான் போயிருப்பேன்."

சிரித்தானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் மறைத்தது. நூலைக் கடித்து அறுத்தேன். கொடி முடிந்தது. தரையில் படாமல் பிடிக்க முடியாமல் நான் திண்டாடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து வந்து, மூன்று விரலால் மறுமுனையைப் பிடித்தான்.