நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில்

அன்புள்ள எலிக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி நடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன ஆளும் சௌக்கியம்தானே. போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாரே என்று சிரிக்காதே. போன் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள், இந்த விஷயத்தை அவளை வைத்துக்கொண்டு பேச முடியாது, பாதியிலேயே "உங்களுக்கு வேற வேலையே இல்லையா" என்று ஆரம்பித்துவிடுவாள்.

முதலில் நல்ல செய்தி. நீயும் உன் கூட்டாளிகள் இரண்டு பேரும் செய்த வீடியோ கேமை விளையாடி முடித்துவிட்டேன். இருபது நிமிஷ விளையாட்டு என்றாய், எனக்கு நாற்பத்தோரு நாள் ஆனது. விழுந்த கணக்கைக் கடைசியில் அதுவே காட்டுகிறது, ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. தலையில் ஹெல்மெட் கவிழ்த்த அந்தக் குள்ள உருவம் நான்தான் என்கிறாள் அம்மா, தொப்பையைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாளாம். லிஃப்ட் குழிக்குள் பலகை பலகையாகத் தாவி ஏற வேண்டும், தாளம் விழும் நொடியில்தான் பலகை வெளியே வரும், கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பள்ளம்தான். முதல் வாரம் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தேன். கண்ணால் பார்த்துக் குதித்தால் ஒரு மாடிகூட ஏற முடியவில்லை, பாட்டு கட்டைவிரலுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது, இறங்கிய பிறகு குதிப்பது நான் இல்லை, விரல்தான். முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த எனக்கு அதில் எது பிடித்தது தெரியுமா, விழுந்தால் அது பாட்டை நிறுத்துவதில்லை, கேலி செய்வதில்லை, அரை நொடியில் மறுபடி நிற்க வைத்துவிடுகிறது. என் வேலையில் அப்படி இல்லை. என்னோடு வேலை பார்த்த நெட்டையன் ஒரே ஒரு தடவைதான் விழுந்தான். அவனை நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு தடவையும் எழுந்தேன்.

போன வருஷம் நீ வந்தபோது ரெக்கார்டரை வைத்துக்கொண்டு நம் கட்டட லிஃப்டில் ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கினாயே, பொண்ணுக்கு என்ன ஆச்சு என்று ஆளாளுக்கு என்னிடம் விசாரித்தார்கள். அந்தச் சத்தம்தான் பாட்டுக்கு அடியில் ஓடுகிறது என்று இரண்டாம் நாளே பிடித்துவிட்டேன். லிஃப்ட் ஓடும் இரும்புச் சட்டத்தின் இணைப்பு ஒவ்வொன்றையும் தாண்டும்போது டக், டக். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மட்டும் டக் வராது, அந்த இணைப்பை நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் நான்தான் அரம் போட்டுத் தேய்த்து வழவழவென்று ஆக்கினேன். அந்தச் சின்ன இடைவெளியை நீ எட்டுத் தாளமாக இழுத்து வைத்திருக்கிறாய், பாட்டும் நிற்கிறது, பலகையும் தெரிவதில்லை, மனசுக்குள் எண்ணிக்கொண்டே குதிக்க வேண்டும். நான் விழுந்ததில் பாதிக்கு மேல் அங்கேதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்து நாள் முன்னால் அம்மாவோடு மருந்து வாங்கிக்கொண்டு லிஃப்டில் வந்தேன். கட்டைவிரல் தன்பாட்டில் பையின் கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டு வந்தது. நாலாவது மாடி தாண்டியது, விரல் நின்றது, சத்தமே இருக்கக்கூடாத அந்த இடத்தில் ஒரு தட்டு. காதால் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன், வலது காது போய் மூன்று வருஷம் ஆகிறது, உள்ளங்காலில்தான் பட்டது. லிஃப்டைத் தூக்கும் கம்பி வடத்தில் இழை அறுந்தால், அறுந்த முனை சக்கரத்தில் ஏறும்போது இப்படித் தட்டும், எப்போதும் ஒரே இடத்தில்தான் தட்டும். உன் விளையாட்டில் அத்தனை தடவை விழுந்திருக்காவிட்டால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. போன வாரம் தட்டு இரண்டானது. செவ்வாய்க்கிழமை மூன்று. வடம் நாலு இருக்கிறது, ஒன்று போனாலும் மற்றவை தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன், ஆனால் நாலும் ஒரே நாளில் மாட்டியவை, நாலுக்கும் ஒரே வயசு.

கட்டடச் செயலாளரிடம் போனேன். "போன மாசம்தான் சர்வீஸ் ஆச்சு சார், ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க" என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, நானும் புத்தி கெட்டுப்போய், மகள் செய்த வீடியோ கேமில் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், காது கேக்காதவர்கிட்ட லிஃப்ட் பேசுதாம் என்று எட்டு மாடியும் சிரிக்கிறது. புது மெக்கானிக் வந்தார், மோட்டார் அறையில் பத்து நிமிஷம் இருந்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். புதன்கிழமை நானே ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், மத்தியானத்துக்குள் வேறு ஃபியூஸ் போட்டு, மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டும் போட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு மானம் போய்விட்டதாம். "தினமும் போறேன் வர்றேன், எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. மாசமா இருக்கற பொண்ணு ஏழு மாடி ஏறுவாளா, அவ வர்ற நேரத்துல லிஃப்டைக் கெடுக்கறீங்களே" என்று அழுதாள். நீ வருவதை நினைத்துத்தான் நான் நடுங்குகிறேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது. அவள் காலுக்குப் படி ஆகாது, அதனால் அவள் லிஃப்டில் ஏறும்போதெல்லாம் நானும் கூட ஏறிக்கொள்கிறேன், எதற்கு என்று கேட்டால் காற்று வாங்க என்கிறேன்.

நீ ஒன்று செய். பாட்டு சேர்க்காத அந்தப் பழைய பதிவை, தேதியோடு, நேராகச் செயலாளருக்கே அனுப்பு. இன்றைய சத்தத்தை நான் போனில் பிடித்து வைத்திருக்கிறேன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நல்ல காது இருக்கிற யாருக்கும் விளங்கும், என் காதை யாரும் நம்ப வேண்டாம். நீ வர இன்னும் இருபது நாள் இருக்கிறது. கீழ்த்தளத்துத் தையல்காரர், நீ மாடி ஏறாமல் தங்கிக்கொள்ள, தன் முன்னறையை ஒழித்துத் தருகிறேன் என்றிருக்கிறார், ஜன்னல் பெரிசு, உனக்குக் காற்று வரும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, கம்ப்யூட்டர் முன்னால் ஒரேயடியாக உட்காராதே, அடுத்த விளையாட்டில் என் தொப்பையைக் கொஞ்சம் குறை.

நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் நடந்து, நீண்ட காலம் வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. இதை மட்டும் மறக்காதே: வந்து இறங்கியதும், மேலிருந்து அம்மாவே கூப்பிட்டாலும், லிஃப்ட் பட்டனை அழுத்தாதே. கேட்டில் நின்று போன் செய், நான் படியில் இறங்கி வருகிறேன்.

ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை விழுந்து எழுந்த
உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அம்மாவோடு கீழே போய் வந்தேன். இன்று நான் எண்ணவே இல்லை. வழியெல்லாம் உன் வரவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவள், நாலாவது மாடி தாண்டியதும் பேச்சை நிறுத்தி, "என்னங்க அது சத்தம்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.