அம்மாவின் இடுப்பில் ஒரு குரல்பெட்டி

அன்புச் செல்லத்துக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன், இங்கே எனக்கு இன்று கால் தரையில் நிற்கவில்லை, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நடுக்குவாதம் வந்ததிலிருந்து அம்மாவின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது உனக்குத் தெரியும், ஆனால் போன வாரம் நீச்சல்குளத்து மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "அக்கா, தப்பா நினைக்காதீங்க, நீங்க சொல்றது தண்ணிக்குள்ள இருக்கறவங்க காதுல விழலேன்னா, எப்படி உங்கள நம்பி ஆளுங்கள இறக்குறது?" என்று கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் குரல் கேட்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும், இல்லையென்றால் வகுப்பு கிடையாது என்று கெடு. இருபத்தாறு வருஷம் கரையில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுத்தவள், வீட்டுக்கு வந்து துண்டை மடித்து வைத்தாள். மறுநாளே பேச்சுப் பயிற்சி தரும் டாக்டரம்மாவிடம் போனோம். கையோடு கொண்டுபோகிற குரல்பெருக்கியில் மூன்று மாதிரி கொடுத்து, குளத்திலேயே போட்டுப் பாருங்கள், வீட்டில் நன்றாகக் கேட்பது அங்கே கேட்காமல் போகலாம் என்றார்.

முதலாவது பெரிய பெட்டி, நான்தான் ஆசைப்பட்டேன், சத்தம் வந்தது, ஆனால் நாலு சுவரிலும் மோதி ஒரே இரைச்சல், ஒரு சொல்லும் புரியவில்லை. இரண்டாவது கழுத்தில் தொங்குவது, மைக்கும் ஸ்பீக்கரும் ஒட்டி இருந்ததால் அவள் குனிந்தாலே கீச்சென்று அலறியது, குளத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி கரைந்துபோனேன். மூன்றாவது உள்ளங்கை அளவுதான், பெட்டி இடுப்பில், மைக் தலையில் மாட்டி வாயோரத்தில், நடுங்கும் விரலுக்கும் தோதான பெரிய குமிழ். அம்மாவிடம் நீச்சல் கற்க வருகிற தபால்காரர் ஒருவர் நாலு மாதமாகக் குளத்துச் சுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவர், அன்றும் அப்படியே நின்றார். அம்மா மெல்லத்தான் சொன்னாள், "சார், செவுத்த விடுங்க, நான் இங்கதான் இருக்கேன். தலைய தண்ணில போடுங்க, கால உதைங்க!" மனுஷன் விட்டுவிட்டார்! பாதியில் தடுமாறினார், "பயப்படாதீங்க, உதைங்க, உதைங்க!" என்று கூடவே கரையில் நடந்தாள், அவரும் எதிர்க்கரைக் கம்பியைப் பிடித்து, "கேட்டுச்சு டீச்சர், ஒவ்வொரு சொல்லும் கேட்டுச்சு!" என்று கத்தினார். வாசலில் நின்று பார்த்த மேலாளர் அடுத்த மாத வகுப்புப் பலகையில் அம்மாவின் பேரை எழுதிவிட்டுப் போனார். நான் கைதட்டிய தட்டில் மூக்குக்கண்ணாடி குளத்துக்குள் விழுந்துவிட்டது, தபால்காரர்தான் முங்கி எடுத்துக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்.

இப்போது சமையலறையிலிருந்தே எனக்குத் திட்டு விழுகிறது, காதுக்குத் தேனாக இருக்கிறது. குளிர்காலம், பேத்தியின் காதை மூடி அனுப்பு, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்று சொல்ல வேண்டும், நீ போன் பண்ணும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று சொன்னதெல்லாம் பொய், "என் கொரலக் கேட்டா புள்ள அழுவா" என்று அவள்தான் சொல்லச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, அவளே எடுப்பாள்.

எல்லாரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள்,
உன் அப்பா