மீதியை வெள்ளித்திரையில் காண்க

காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தபோது தமுக்குச் சத்தம் கேட்டது. டூரிங் கொட்டகைக்காரர்களின் மாட்டுவண்டி தெருவுக்குள் வந்து, ரோஸ் நிற நோட்டீஸ்களை வாரி இறைத்துவிட்டுப் போனது. ஒன்று நம் தொழுவத்துப் படலில் வந்து ஒட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தால், மதினி, அதே படம். நீ மலைக்குப் போவதற்கு முந்தின நாள் பார்த்தோமே, அதுதான் சுற்றிச் சுற்றி மறுபடியும் உத்தமபாளையத்துக்கு வந்திருக்கிறது. ஈரம் காயாத மை என் விரலில் ஒட்டியது.

அய்யாவைப் பார்த்துவிட்டு நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் அனுமந்தன்பட்டிக்கு வந்திருந்தேன். வந்த இடத்தில் இது.

நோட்டீஸில் கதையைப் பாதி வரைக்கும் அச்சடித்திருந்தார்கள். கணவனைத் தேடிக் காட்டுக்குப் போன ராணி கொடிய நோயில் விழுகிறாள் என்பதோடு நிறுத்தி, கீழே பெரிய எழுத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டிருந்தார்கள். அந்த வரியைப் பார்த்தாலே உனக்குச் சிரிப்பு வரும். “மீதிய நம்ம எங்கிட்டுப் போயிக் காங்குறது? நமக்கு மீதியெல்லாம் வண்டியிலதான்” என்பாய்.

எந்தப் படத்தையும் நாம் ஏன் முடிவுவரை பார்த்ததில்லை என்பது உனக்குத் தெரியாததில்லை. என் அம்மா இருந்த காலத்தில் அய்யா ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு மழையில் இருட்டித் திரும்பியவர், குளிரைப் பார்த்துக் குளிக்காமல் வீட்டுக்குள் வந்துவிட்டார். அந்த வாரமே அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது; எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு சாவைக் கண்ணால் கண்டவர்கள் தலையில் தண்ணீர் ஊற்றாமல் நம் வாசற்படி மிதிக்கக் கூடாது. திரையில் சாவதும் சாவுதான் அவருக்கு. ராத்திரி நேரத்தில் பச்சைத் தண்ணீரில் குளித்தால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருமே என்ற பயம் வேறு. ஆகவே படத்தில் யாருக்காவது கண் செருகி, விளக்கு நடுங்கி, அழுகைப் பாட்டு ஆரம்பித்தால் போதும். தட்டிக்கு அந்தப் பக்கம், ஆண்கள் பகுதியிலிருந்து அய்யாவின் செருமல் கேட்கும். “ஏத்தா, எந்திரிங்க. வண்டி பூட்டணும்.”

மற்றப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது நாம் இருவர் மட்டும் மணலைத் தட்டிவிட்டு எழுந்து வருவோம். எத்தனை பேர் நம்மைத் திட்டியிருப்பார்கள். “நம்ம பாத்த படத்துல ஒருத்தரும் செத்ததில்லடி. அம்புட்டுப் பேரும் சிரஞ்சீவி” என்று நீ வண்டியில் ஏறியதும் சொல்வாய்.

மீதிக் கதையை நீயே கட்டிச் சொல்வாய். வீடு வந்து சேரும்வரை படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுவாய். ஊரே கொண்டாடினாலும் உனக்குப் பிடிக்காதது பிடிக்காததுதான். பிள்ளையைத் தொலைத்த தாய் காடெல்லாம் பாடிக்கொண்டு அலைந்த படத்துக்கு, பக்கத்தில் இருந்தவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். நீ மட்டும், “தேடுறவ வாய மூடிக்கிட்டுல்ல தேடணும். இவ போடுற சத்தத்துல புள்ள அழுகுறது எப்படிக் கேக்கும்?” என்றாய். இன்னொரு படத்தில் பாலில் விஷம் கலந்தவனைத்தான் உனக்குப் பிடித்தது. “அவன் ஒருத்தன்தான் பாடாம வேலயப் பாக்குறான்” என்றாய். அன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அய்யாவும் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்தது நமக்குத் தெரியக் கூடாதென்று மாட்டை அதட்டினார்.

அந்த வருஷம் அண்ணனுக்குக் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி வேலை கிடைத்தது. கூடலூர்ப் பக்கமிருந்து வரும் வண்டிகளில் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பவர்களை நாம் வாய்க்கால் கரையிலிருந்து பார்த்திருக்கிறோம். போகும்போது பாடிக்கொண்டு போனவர்கள்தான். வெயிலில் பல்லைக் கிட்டித்துக்கொண்டு வருவார்கள். மலைக்காய்ச்சல் என்று சொல்லக்கூட ஊரில் பயந்து, ‘மேலருந்து வந்தது’ என்பார்கள். அண்ணனே ஒருமுறை அப்படி இறங்கி வந்து, தேறி, திரும்ப ஏறியவன். ஒண்டியாய்ச் சமைத்துச் சாப்பிட முடியவில்லை என்று உன்னைக் கூப்பிட வந்தான். அவன் வந்த மூன்றாம் நாள் அய்யா, “அவன் பொண்டாட்டிய அவன் கூப்பிடுறான், நான் என்ன சொல்ல” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

நீ அழவில்லை. “போறதுக்கு முன்னாடி ஒரு படம் பாத்துட்டுப் போறேன் மாமா” என்று மட்டும் அய்யாவிடம் கேட்டாய். அண்ணன் வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். நாம் மூவரும் போனோம்.

அன்றைக்கு மேற்கே மலை தெரியவே இல்லை. மேகம் அடிவாரம் வரைக்கும் இறங்கிக் கிடந்தது. கொட்டகையில் எஞ்சின் புகையும் ஈர மணலும் சேர்ந்து ஒரு நாற்றம். ராணி காட்டுக்குள் வந்ததும் நீ என் காதைக் கடித்தாய்: “இது எந்த மலைடி? ஒரு அட்டகூட கடிக்கல. தலையில வச்ச பூவும் வாடல.” அப்புறம் ராணிக்கு நோய் கண்டது. கட்டிலில் கிடந்தாள். விளக்கு நடுங்கியது. நீ இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாய். பாட்டு ஆரம்பித்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் செருமல்.

நான் எழுந்துவிட்டேன். நீ எழவில்லை. பக்கத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு, “மாமா, இவ பொழைக்கிறாளான்னு மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்” என்றாய். அய்யாவிடம் நீ இப்படி மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அய்யா தட்டியின் ஓரத்துக்கே வந்துவிட்டார்.

“வேணாந்தாயி. நாளைக்கு மலையேறப் போற பிள்ள. வா.”

வந்தாய். வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்வரை அந்தப் பாட்டு நம் பின்னாலேயே வந்தது. காற்று அந்தப் பக்கமிருந்துதான் அடித்தது. திடீரென்று பாட்டு பாதியில் நின்றுபோனது. தவளைச் சத்தம் மட்டும். நீ என் கையைப் பிடித்தாய்.

“செத்துட்டாளா, ரீல் மாத்துறானா?”

“ரீல் மாத்துறான்” என்றார் அய்யா திரும்பிப் பார்க்காமல்.

அன்று வண்டியில் நீ மீதிக் கதை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எனக்குப் பயமாக இருந்தது.

அடைமழை விட்டபோது உன்னைக் கொண்டுவந்தார்கள். கம்பளியை விலக்கியதும் எனக்கு ஆளே தெரியவில்லை. கண் மஞ்சள், உதடு வெடிப்பு. அண்ணன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கீழேயே நின்றான். உன் வாய் மட்டும் மாறவில்லை. “மலை எப்படி மதினி?” என்று கேட்டதற்கு, “படத்துல காட்டுனது பாதி நெசந்தான். நல்ல பச்ச. மீதிய அவன் காட்டல” என்றாய். காய்ச்சலுக்குக் கொடுத்த கசப்பு கொய்னா மருந்தைக் குடித்துவிட்டு, படத்தைச் சொல்வதுபோல, “மொத தடவ பரவாயில்ல. ரெண்டாந்தடவ பாக்குற மாதிரி இல்ல” என்றாய்.

ஒரு சாயங்காலம் நடுக்கம் விட்டு வேர்த்திருந்த நேரம், கூரையைப் பார்த்தபடி கேட்டாய்: “ஏத்தா, அந்த ராணி என்ன ஆனா? யாருகிட்டயாச்சும் கேட்டியா?”

கேட்டிருக்கலாம். பயத்தில் கேட்கவே இல்லை. நான் வாய் திறப்பதற்குள் நிலைப்படியிலிருந்து அய்யா பதில் சொன்னார்.

“பொழச்சுட்டா தாயி. எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சா. நான் பாத்தேன்.”

உன்னோடு ஒரே வண்டியில் திரும்பி வந்த மனிதர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நீ அவரையே பார்த்தாய்.

“கஞ்சியா? சினிமாவுல எவ மாமா கஞ்சி குடிச்சா?”

நீதான் அவரைக் காப்பாற்றிவிட்டாய். “கஞ்சி குடிக்கிறதக் காட்டிருந்தா அது நல்ல படந்தான் மாமா” என்றாய். ஒரு படத்தை நீ நல்ல படம் என்று சொன்னது அது ஒன்றுதான். நான் ஓடிப்போய்க் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தேன். இரண்டு வாய்க்கு மேல் உனக்கு இறங்கவில்லை. அந்த வாரம் நீ தாண்டவில்லை, மதினி. அண்ணன் அதற்குப் பிறகு மலையிலேயே தங்கிவிட்டான்.

இன்றைக்கு நோட்டீஸை ஒளித்துவைக்கத்தான் நினைத்தேன். அதற்குள் அய்யா பார்த்துவிட்டார். அதில் போட்டிருந்த ராணியின் உருவத்தைப் பார்த்தே எந்தப் படம் என்று தெரிந்துகொண்டார். பொழுது சாயும்போது, “வண்டியப் பூட்டுறேன். வர்றியா?” என்றார்.

கொட்டகையில் பெண்கள் பக்கம் நாம் உட்காரும் கம்புக்கு அருகிலேயே இடம் கிடைத்தது. ராணி கட்டிலில் விழுந்தாள். விளக்கு நடுங்கியது. அதே பாட்டு. எனக்குக் கண் திரையில் இல்லை. காது தட்டியின் பக்கமே இருந்தது. செருமல் வரும், எழுந்துவிடலாம் என்று முந்தானையைக்கூட இழுத்துச் செருகிக்கொண்டேன். வரவில்லை. பாட்டு பாதியில் நின்றது, ரீல் மாற்றினார்கள். மதினி, அன்றைக்கு அது ரீல் மாற்றியதுதான். அய்யா சொன்னது சரிதான்.

அப்புறம் பாட்டு முடிந்தது. வானத்திலிருந்து ஒரு வெளிச்சம் விழுந்தது. ராணி கண்ணைத் திறந்தாள். எழுந்தாள், வாடாத பூவோடு நின்று இன்னொரு பாட்டுப் பாடினாள், ராஜா வந்து கையைப் பிடித்தான், விளக்கைப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இதைப் பார்க்கவிடாமலா உன்னைக் கூட்டிக்கொண்டு போனோம்?

திரும்பும் வழியில் அய்யா மாட்டை விரட்டி ஓட்டினார். வீட்டு வாசலில் வண்டியை அவிழ்த்துவிட்டு நேராக மாட்டுத்தொட்டிக்குப் போனார். சட்டையைக் கழற்றினார். செம்பை எடுத்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“அவதான் பொழச்சுட்டாளே அய்யா. எதுக்குக் குளிக்கிறீக?”

“கஞ்சி குடிக்கலியேத்தா” என்றார். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

அவர் ஊற்றி முடிக்கும்வரை நின்றுவிட்டு, செம்பை வாங்கி நானும் ஊற்றிக்கொண்டேன். தலை இன்னும் காயவில்லை. எந்தப் படம் பார்த்தாலும் அதை உன்னிடம் வந்து சொல்லிவிடவேண்டும் என்ற பழக்கம் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படம் நல்லாவே இல்லை, மதினி. பிழைத்து எழுந்தவளுக்கு ஒரு வாய் கஞ்சி கொடுக்க அதில் ஒருத்தருமே இல்லை.