குடைக்காரர் வீட்டுப் பெண்

அருப்புக்கோட்டையில் என் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாவு மில் இருக்கிறது. நேற்று யாரோ மிளகாய் அரைத்திருக்கிறார்கள். நெடி ஏறி அடுக்கடுக்காகத் தும்மினேன். மருமகள் ஜன்னலைச் சாத்த வந்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். கண்ணில் நீர் வந்ததற்கு மிளகாய் மட்டும் காரணம் இல்லை. நீ போய்ச் சேர்ந்த பிறகு உன்னோடு பேச வேறு வழி தெரியவில்லை, எழுதுகிறேன்.

பரளச்சி ரோட்டில் நம் ஊரில் இருந்த அந்த மில் பெயருக்குத்தான் உன் வீட்டுக்காரருடையது. பெல்ட் மாட்டுவது முதல் மாவு அள்ளுவது வரை எல்லாம் நீதான். மோட்டார் இரைச்சலில் நீட்டி முழக்கிப் பேச முடியாது. ஒற்றைச் சொல்லாகக் கத்த வேண்டும். அப்படித்தான் அத்தனை பட்டப்பெயர்களும் உன் வாயில் பிறந்தன. கண்மாய்க் கரைக்குப் போட வேண்டிய மண்ணை ஏப்பம் விட்ட காண்ட்ராக்டர் ‘மண்ணுளி’. ரேஷன் சர்க்கரையில் எடை குறைத்தவர் ‘எறும்பு’. கம்பு அரைக்க வந்த பெண்கள் அந்தப் பெயர்களைத் தூக்கிக்கொண்டு போய் ஊரெல்லாம் விதைப்பார்கள்.

நம் தெருவில் குடியிருந்த குமாஸ்தாவை மறந்திருக்க மாட்டாய். அறுபதுகளின் கடைசி அது, மழை நம்மை ஏமாற்றிய வருஷங்கள். அவரோ நாள் தவறாமல் கறுப்புக் குடையோடு பஸ் ஏறுவார். எந்த ஆபீஸ் என்று இப்போதும் எழுத மாட்டேன், அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வாயைத் திறந்து காசு கேட்க மாட்டார். குடையைப் பாதி விரித்து நாற்காலி ஓரம் சாய்த்துவிட்டு, ஃபைலைப் பார்த்துக்கொண்டிருப்பார். விவரம் தெரிந்தவர்கள் குடைக்குள் காசைப் போட்டுவிட்டு வருவார்கள். நீ ‘குடைக்காரர்’ என்றாய். அதன் பிறகு ஆபீஸ் போய் வந்தவர்களிடம் காரியம் ஆச்சா என்று யாரும் கேட்கவில்லை. “மழை பேஞ்சுச்சா?” என்றுதான் கேட்டார்கள். திருச்சுழி பஸ்ஸில் கண்டக்டர் வரைக்கும் அந்தப் பேச்சுப் போய்விட்டது. பயிர் கருகிக் கிடந்த காலத்தில் நமக்குச் சிரிக்க அது ஒன்றுதான் இருந்தது.

பிறகு உன் மகளுக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்தது. சாதிச் சான்றிதழ் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள். அந்தப் பேப்பர் குடைக்காரர் மேஜைக்கே போனது. துணைக்கு நானும் வந்தேன். நம்மைக் கண்டதும் அவர் குடையை மடக்கிக் கட்டினார்.

“உங்கிட்ட எனக்கு ஒண்ணும் வேணாம்மா. அந்தப் பேரை எடுத்துரு. எம்மகளைப் பொண்ணு பாக்க வாரவுக, குடைக்காரர் வீடு எதுன்னு தெருமுனையில நின்னு கேக்காக.”

எனக்கே பாவமாகிவிட்டது. நீ அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்:

“நான் வச்சதுதான், இல்லைங்கல. இப்ப அது ஊர் வாயில கெடக்கு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை எதை வச்சு மூட? நீங்க குடையை வீட்டுல வச்சிட்டு வாங்க. பேரு தானா உதுந்துரும்.”

அவர் முகம் கறுத்துவிட்டது. உன் மகளின் பேப்பரை எடுத்துக் கட்டுக்கு அடியில் சொருகினார்.

கடைசித் தேதி நெருங்கியது. உன் மகள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாள். அந்த வாரம்தான் மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு பெரியவரும் அவர் மனைவியும் உன் மில்லுக்கு வந்தார்கள். பெண் எடுக்கிறவர்கள் மில்லில் விசாரிப்பது வழக்கம்தானே, அங்கே கேட்டால் ஒரு வீட்டின் அடுப்படி வரைக்கும் தெரிந்துவிடும். குடைக்காரர் மகள் எப்படி என்று கேட்டார்கள். நீ ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினாய்.

நான் உன்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

“ஏ பிள்ள, இவுகளை நாளைக்கு வரச் சொல்லு. பேப்பரைக் குடுத்தாத்தான் நல்ல வாக்கு சொல்லுவேன்னு அவருக்கு ஆள் விடு. இன்னைக்கே கையெழுத்து வாங்கி வந்து நிப்பாரு.”

என் கையை விலக்கிவிட்டு நேரே அவர்களிடம் போனாய்.

“அந்தப் பிள்ளை தங்கம். மாவு அரைக்க வந்தா ஒரு நாளும் முந்துனதில்ல, வயசானவுகளுக்கு எடம் விட்டு நிக்கும். கண்ணை மூடிக்கிட்டுக் கட்டுங்க.”

“அவுக அப்பா எப்படி?” என்றார் பெரியவர்.

“நீங்க பிள்ளையைத்தான கேட்டீக.”

அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சான்றிதழ் மட்டும் தேதி போன பிறகுதான் கைக்கு வந்தது. உன் மகள் ஒரு வருஷம் மில்லில் டின் தூக்கிவிட்டு அடுத்த வருஷம்தான் சேர்ந்தாள். மாற்றலாகிப் போகிறவரை அவரும் குடையை விடவில்லை, ஊரும் பேரை விடவில்லை.

பேப்பர் வந்த அன்று உன்னை நான் திட்டித் தீர்த்தேன். “ஊருக்கெல்லாம் பேரு வைக்க வாயி இருக்கு, பெத்த மகளுக்கு ஒரு வார்த்தை கேக்க இல்லையாக்கும்” என்றேன். மாவு படிந்த முகத்தோடு நீ அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னாய்: “குடைக்காரர் மக வாழ்க்கையைக் காட்டிப் பேப்பரை வாங்கியிருந்தா, எனக்கு என்ன பேருடி வைக்கிறது?”

இத்தனை வருஷத்தில் எனக்கும் சந்தர்ப்பங்கள் வந்தன. ஒருவர் குடுமி என் கையில் சிக்கும், அதை வைத்து என் காரியத்தைச் சாதித்துக்கொள்ளலாம் என்று மனம் அரிக்கும். அப்போதெல்லாம் நீ எனக்கு என்ன பேர் வைப்பாய் என்று யோசிப்பேன், கை தானாகத் தளர்ந்துவிடும். அதனால் நடக்காமல் போன காரியங்களும் உண்டு. இப்போது பேர் வைக்க நீ இல்லை. உன் வாய்க்குப் பயந்த பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.