நைனாவுக்கு நான் கொடுத்த பொடி

1964 ஜூன் 14, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. தங்கச் சுரங்கத்துச் சயனைடு மேட்டு மண் முழுக்க எங்கள் லைன் வீடுகள் பக்கம்தான். துவைத்ததை அவசரமாக உள்ளே கொண்டுவந்தேன். தலையணை உறை மட்டும் மறந்துபோயிற்று. மறுபடி அலச வேண்டும்.

அக்கா இன்று தானே எழுந்து முகம் கழுவினாள். பிரசவத்தில் ரத்தம் போனதிலிருந்து கஞ்சிகூட இறங்காமல் கிடந்தவள். டாக்டர் எழுதிக் கொடுத்த டின் பொடி, இருபது நாளாக. காலை ஒரு கரண்டி, மாலை ஒரு கரண்டி. டின்மேல் அமினோ அமிலங்கள் என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது. புரதத்தை முன்பே உடைத்து வைத்த பொடி. வயிற்றுக்கு வேலை குறைவு, உடம்பு உடனே எடுத்துக்கொள்ளும். பி.எஸ்ஸி. பரீட்சையில் எழுதியதை வீட்டில் கண்ணால் பார்க்கிறேன். குழந்தைக்குப் பால் போதுகிறது.

நைனாவுக்குக் கால் வீக்கம். விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. ஆஸ்பத்திரியில் சிறுநீர் பார்த்திருக்கிறார்கள். சீட்டு கையில் வந்ததும் டாக்டரிடம் காட்டாமல் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். ஆல்புமின், பக்கத்தில் மூன்று கூட்டல் குறி.

"அப்டின்னா இன்னாம்மா?"

"உடம்புல இருக்கிற புரதம் வெளிய போவுது நைனா."

"அப்போ ரொப்பணும்?"

ரொப்ப வேண்டும் என்றேன். அக்காவின் டின்னிலிருந்து நானே ஒரு கரண்டி கலக்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் 15-ம் தேதி அவருக்கு மெடிக்கல் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள். மேலே விளக்கு துடைக்கும் அறையில் உட்கார வேண்டியதுதான். இருபத்தாறு வருடம் கேஜில், அந்த இரும்புக் கூண்டில், கீழே இறங்கிய மனிதர்.

ஜூன் 24, புதன்

தூறல். ஸ்கூலில் நான் பாடம் எடுக்கும் ஆறாம் வகுப்பு ஒரே கூச்சல். ஹெட்மிஸ்ட்ரஸ் எட்டிப் பார்த்து, "வாயத் தொறந்து பேசுங்க மிஸ்" என்றார்கள். பிள்ளைகள் முன்னாலேயே. சாக்பீஸ் வாங்க வேண்டும். சிவப்பு மை.

நைனாவுக்குத் தனியாக ஒரு டின் வந்துவிட்டது. பஜார் மருந்துக் கடையில் அவரே வாங்கினார். தினம் ஒரு கரண்டி இரண்டாகி, இப்போது வேளைக்கு இரண்டு. மாட்டுக்கறி ரசம் மாதிரி வாசனை, பாகற்காய்க் கசப்பு. "கசக்குதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்கிறார். ஏணி ஏறும்போது மூச்சு வாங்கவில்லையாம். லைனில் யாரைப் பார்த்தாலும், "எம் பொண்ணு படிச்சிச் சொன்னது."

எனக்குச் சந்தோஷம். ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஜூலை 4, சனி

அரை நாள் ஸ்கூல். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது முனுசாமி மாமா வந்தார். நைனாவின் கேங்கில் அவருக்கு அடுத்த ஆள்.

"இன்னா பி.எஸ்ஸி., உன் பொடிய நாங்களும் குடிக்கிறோம் தெரியுமா?"

தெரியாது. சுரங்கத்துக்குள் தனியாகச் சாப்பிடும் வழக்கம் இல்லை. ஒருத்தர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் கேங் முழுக்கக் கை நீட்டும். சூட்டுக்காகக் குடிக்கும் உப்புத் தண்ணீர் கேனில் நைனா பொடியைக் கொட்டிவிடுகிறாராம். ஆளுக்கு ஒரு குவளை. மெடிக்கலுக்குப் போகிற மற்ற மூன்று பேருக்கு ஒன்றரைக் குவளை.

"வாய்தான் செத்துப்பூடுது. கை பாரு, கல்லு மாதிரி கீது."

சிரித்தேன். அவர் போனபின் சிரிப்பு கழன்று விழுந்தது. நைனா மூன்று நாளாகச் சோறு தொடவில்லை. "பொடி கீதாம், அது போதுமாம். நான் யாருக்கு வடிச்சிக்கினு கீறேன்" என்று அம்மா. காலையில் குமட்டல். முகம் ஊதியிருக்கிறது, அதைச் சதை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஜூலை 5, ஞாயிறு

டின்னுக்குள் மடித்திருந்த தாளை இன்றுதான் பிரித்தேன். எறும்பு எழுத்து. சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

காலேஜ் நோட்டை எடுத்தேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது. மிஞ்சிய அமினோ அமிலம் யூரியாவாகும். யூரியாவை வெளியே தள்ளுவது சிறுநீரகம். பழுதான சிறுநீரகத்துக்கு நான் மேலும் மேலும் வேலை கொடுத்திருக்கிறேன். எது போகிறது என்று பார்த்தேன். ஏன் போகிறது என்று கேட்கவில்லை.

நிறுத்தச் சொன்னேன்.

"நீதானம்மா குடுத்த?"

"தப்பாக் குடுத்துட்டேன் நைனா."

"மெடிக்கல் முடியட்டும். பத்து நாளு."

ஜூலை 8, புதன்

ஆஸ்பத்திரி. ஸ்கூலுக்குப் பாதி நாள் லீவு. கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன், ஐந்து கேள்வி. இரண்டு தடவை என் முறை வந்தும் பின்னால் நின்றவருக்கு விட்டுக்கொடுத்தேன். மூன்றாம் தடவை உள்ளே போனேன். தாளை டாக்டர் வாங்கிப் படித்தார். கன்னடக்காரர், தமிழ் நிறுத்தி நிறுத்தி வரும்.

"உங்க அக்காவுக்கு நான் எழுதினேன். அவங்க கிட்னி நல்லா இருக்கு, சாப்பிடத்தான் முடியலே. அப்பாவுக்கு யார் எழுதினாங்க?"

"நான் சார்."

திட்டியிருக்கலாம். பேனாவை மூடி வைத்தார்.

"இந்த வியாதி பொடியாலே வந்ததில்லே. பழசு. ஆனா பொடி அதை முன்னாடி தள்ளும், உப்புத் தண்ணி இன்னும் தள்ளும். கூட்டிட்டு வாங்க. ரத்தம் பாக்கணும்."

மற்ற ஆட்களைப் பற்றிக் கேட்டேன். தாளில் இல்லாத கேள்வி. நல்ல உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லையாம், தேவையும் இல்லையாம், பருப்பும் முட்டையும் போதுமாம். "ஆனா உடம்பு நல்லா இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க அப்பாவும் அப்படித்தானே நினைச்சார்?"

ஜூலை 12, ஞாயிறு

மூன்று நாளாகக் கெஞ்சியும் நைனா வரவில்லை. இன்று லீவு நாள், கேங் ஆட்கள் ஆறு பேர் வாசலில். நடுவில் டின், கையில் குவளை. நான் வெளியே போய் நின்றேன்.  வாசல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"நான் சொன்னது தப்பு. இந்தப் பொடி நைனாவுக்கு ஆகாது. உங்கள்ல யாருக்கு ஆகும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. டாக்டர் பாக்காம யாரும் குடிக்காதீங்க."

முனுசாமி மாமா தலையைச் சொறிந்தார். "பி.எஸ்ஸி.யே தப்புன்னா நாங்க எந்தக் காலேஜுக்குப் போறது?"

சிரித்தார்கள். சிரித்தபடியே ஒருத்தர் குவளையைக் கவிழ்த்து மண்ணில் ஊற்றினார். அப்புறம் மற்றவர்களும்.

உள்ளே வந்து நைனா: "எங் கேங்கு முன்னால மானத்த வாங்கிட்ட."

"என் மானத்தத்தான் நைனா."

 அவருடைய டின்னை எடுத்து என் பெட்டியில் பூட்டினேன். அக்காவுடையது அலமாரியில் அப்படியே. அவள் இன்று இரண்டு தோசை.

ஜூலை 13, திங்கள்

விடியற்காலை நைனா இரண்டு முறை வாந்தி. சட்டை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். கதவில் நின்றேன்.

"மெடிக்கலுக்கு நானும் வருவேன். இதையெல்லாம் அவங்ககிட்ட சொல்வேன்."

"ஆம்பளைங்க லைன்ல நிப்பியா நீ?"

"நிப்பேன்."

 தூக்கைக் கீழே வைத்தார். "இன்னா பண்ணணும் இப்ப?" ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம். ரத்தம் எடுத்தார்கள். வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார்.

ஜூலை 14, செவ்வாய்

யூரியா அதிகம். உப்பு கிடையாது, பருப்பு அளவு, பொடி கூடவே கூடாது. உடனே வார்டு. பிழைப்பாரா என்று வராந்தாவில் கேட்டேன். இந்த வாரம் யூரியா இறங்கினால் கொஞ்ச வருடம் நன்றாக ஓட்டலாம் என்றார் டாக்டர்.

நைனா கேட்டது ஒன்றுதான். "கேஜ்ல எறங்கக் கூடாதா சார்?"

கூடாது.

ஜூலை 17, வெள்ளி

யூரியா கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முகத்தில் வீக்கம் வடிந்து பழைய கன்னம் தெரிகிறது. உப்பில்லாக் கஞ்சி, பாதி குடித்தார். முனுசாமி மாமா வந்து போனார். கேங்கில் மற்ற மூன்று பேரும் மெடிக்கலில் தேறிவிட்டார்களாம், சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

மத்தியானம் புது நர்ஸ், கேஸ் சீட்டு நிரப்ப. பொடி சாப்பிடச் சொன்னது யார்?

"நானே கடையில வாங்கிக் குடிச்சேன்மா" என்றார் நைனா.

"இல்ல சிஸ்டர், நான்தான் குடுத்தேன். நாலு வாரம். முதல்ல ஒரு கரண்டி, அப்புறம் வேளைக்கு ரெண்டு. உப்புத் தண்ணியில. அப்படியே எழுதுங்க."

எழுதினார். நைனா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தேன்.